கூடத்தின் நடுவே ஒரு கோடு: விசுவின் மேடை, சினிமா, டிவி

விசு என்றதும் இப்போதைய பசங்களுக்கு ஞாபகம் வருவது ஒரு பேச்சு முறைதான். ஒரே வார்த்தையைத் திருப்பிப் போட்டு, குழப்பி, மூச்சு விடாமல் பேசி, எதிராளியைச் சுருட்டி உட்கார வைப்பாரே, அது. மிமிக்ரி செய்கிற எல்லோரிடமும் ஒரு விசு இருக்கிறார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே விஷயத்தை விடாமல் தோண்டிக்கொண்டிருந்த ஒரு எழுத்தாளர் இருந்தார் என்பது என் எண்ணம். அந்த விஷயம் மாதச் சம்பளக் குடும்பத்தின் கணக்கு. யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக யாருக்கு என்ன உரிமை வந்தது?

முதலில் ஆள். முழுப்பெயர் எம்.ஆர்.விசுவநாதன், பிறந்தது 1945. தம்பிகள் கிஷ்முவும் ராஜாமணியும் நடிகர்கள்தான். ஒய்.ஜி.பார்த்தசாரதியின் யுனைட்டெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ் குழுவுக்காக நாடகம் எழுதினார், பிறகு சொந்தக் குழு வைத்துக்கொண்டார். கே.பாலசந்தரிடம் உதவியாளராகவும் இருந்தார்.

அந்தக் கால சபா நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் விசுவின் எழுத்து புரியும். குழுவில் பெரும்பாலோர் ஆபீஸ் போகிறவர்கள். பாலசந்தரே ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர். சாயங்காலம் ஆபீஸ் விட்டால் ஒத்திகை, சனி ஞாயிறு மேடை. சபா கொடுக்கும் பணம் பெரிய செட்டுக்குக் காணாது, வெளியூர் போனால் லாரி வாடகை வேறு. அதனால் பெரும்பாலான நாடகங்களுக்கு ஒரே செட்: ஒரு வீட்டுக் கூடம். நாற்காலி நாலு, சுவரில் சாமி படம், உள்ளே போக ஒரு கதவு, வாசலுக்கு ஒரு கதவு. மேலே தொங்குகிற மைக்குக்குக் கீழே வந்து நின்றால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆக, நடக்க வேண்டியதெல்லாம் கூடத்தில் நடக்க வேண்டும், நடக்காததெல்லாம் வசனத்தில் வர வேண்டும். மெமரி கம்மியான மெஷினுக்கு புரோகிராம் எழுதின தலைமுறைக்கு இந்தக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரியும். இல்லாததை நினைத்து அழ முடியாது, இருப்பதை வைத்துத்தான் வித்தை காட்ட வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சினிமாக்காரர்கள் இந்த நாடகங்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள். 'பட்டினப் பிரவேசம்' விசுவின் நாடகம். பாலசந்தர் 1977-ல் அதைப் படமாக்கினார், டெல்லி கணேஷ் சினிமாவுக்கு வந்தது அதில்தான். 1981 விசுவுக்கு அசாத்தியமான வருஷம். 'தில்லு முல்லு'வுக்கு எழுதினார். 'நெற்றிக்கண்' கதை அவருடையது. 'குடும்பம் ஒரு கதம்பம்' நாடகத்தை எஸ்.பி.முத்துராமன் படமாக எடுத்தபோது அதில் நடிக்கவும் செய்தார். அடுத்த வருஷம் 'கண்மணி பூங்கா'வில் டைரக்டர் ஆனார், அதே வருஷமே 'மணல் கயிறு'. சிவாஜி நடித்த 'பரீட்சைக்கு நேரமாச்சு'வும் 1982-தான், அதுவும் இவருடைய நாடகம். 'மணல் கயிறு' நாரதர் நாயுடுவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எட்டு கண்டிஷன் போடுகிற மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கிற ஆள் அவர். இந்தக் கட்டுரையில் அவருக்கு இடமில்லை.

நான் நிற்க விரும்புவது 'உறவுக்கு கை கொடுப்போம்' என்ற நாடகத்திடம். அது 1975-லேயே படமாக வந்து ஓடாமல் போயிற்று. பதினொரு வருஷம் கழித்து அதே கதை ஏவி.எம். தயாரிப்பில், விசுவின் டைரக்ஷனில், 'சம்சாரம் அது மின்சாரம்' என்று 1986 ஜூலையில் வந்தது. தமிழ்நாடே பார்த்தது. ஜனரஞ்சகமான நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. தெலுங்கு, இந்தி, கன்னடம் என்று ரீமேக்குகள் போயின. ஒரே கதை ஒரு தடவை தோற்று, இன்னொரு தடவை இப்படி ஜெயிக்கிறது என்றால் நடுவில் என்ன மாறியது?

எல்லோரும் சொல்கிற பதில் மனோரமா. கதை கனமாக இருக்கிறது, சிரிக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்று ஏவி.எம்.சரவணன் கேட்டதால் பிறந்தவள்தான் வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தி ஆல்பர்ட் பெர்னாண்டஸாக வரும் கிஷ்முவிடம் அவள் போடுகிற வாய்ச்சண்டை இன்றைக்கும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கண்ணம்மா சிரிக்க வைக்க மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பிள்ளை, மருமகள், தங்கை. பணம் பற்றி நேராகப் பேசினால் உறவு முறியும். கண்ணம்மா மட்டும் சம்பளத்துக்கு இருப்பவள், ஆனாலும் அந்த வீட்டில் யாரும் அவளை வெளியாளாக நினைப்பதில்லை. கூலி வாங்குகிறவள் பாசமாக இருக்கிறாள், பெற்ற பிள்ளை பில் நீட்டுகிறான். ஒருவரை ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கதை எவ்வளவு கொடுமையானது என்று தெரிகிறது.

இரண்டாவது காரணம் காலம் என்று நினைக்கிறேன். 1986-ல் நடுத்தர வீடுகளில் டிவி வந்துவிட்டது, பிரிட்ஜ் வந்துகொண்டிருந்தது, தவணையில் ஸ்கூட்டர். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மூன்று சம்பளக் கவர். யாருடைய கவர் எதற்குப் போகிறது என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் சூடு பிடித்தது. மூத்த மகன் சிதம்பரமாக வரும் ரகுவரன் வில்லன் கிடையாது. அவன் கணக்குப் பார்க்கிறவன். தங்கை கல்யாணத்துக்கு நான் கொடுத்தது இவ்வளவு, அதைத் திருப்பிக் கொடு என்கிறான். அப்பா அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவில் கோடு போடுகிறார். அந்தப் பக்கம் உன் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள்.

விசு படங்களை 'படம் பிடித்த நாடகம்' என்று விமர்சகர்கள் ஒதுக்குவதுண்டு. பாதி உண்மைதான். கேமரா நகராது, ஆட்கள் வரிசையாக நின்று பேசுவார்கள். ஆனால் இந்தப் படத்தில் சண்டையே அந்தக் கூடத்துக்காகத்தான். லாரி வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக வந்த ஒற்றைக் கூடம், இங்கே கதையாகவே ஆகிவிட்டது. வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போயிருந்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

இந்த இடத்தில் எங்கள் ஊரைச் சொல்லியாக வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்கு அந்தக் கோடு வேறு மாதிரித் தெரியும். 1956-ல் நிலக்கரி நிறுவனம், அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், அதற்கப்புறம் வட்டம் வட்டமாக ஊர் எழும்பியது. இங்கே வீடு என்றால் குவார்ட்டர்ஸ். அப்பாவின் கிரேடைப் பொறுத்து டைப். கூடம் கம்பெனியுடையது, கொய்யாமரம் மட்டும் நம்முடையது, அதுவும் பறிக்கிற வரைக்கும். அப்பா ரிட்டயர் ஆனால் மாலை போட்டுக் கொண்டு வந்து விடுவார்கள், கொஞ்ச நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஆக, நெய்வேலியில் ஒரு அம்மையப்ப முதலியாருக்குக் கோடு போடக் கூடம் கிடையாது. சண்டை பி.எஃப். பணத்தில்தான் வரும். பெண் கல்யாணத்துக்கா, வடலூரில் மனை வாங்கவா, பையன் இன்ஜினியரிங் சீட்டுக்கா? மூன்றுக்கும் பத்தாது. யாரோ ஒருவருக்கு இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த 'இல்லை' எத்தனை வீடுகளில் இருபது வருஷம் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்திருக்கிறது என்று டவுன்ஷிப்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். எல்லோரும் மனம் மாறி, குடும்பம் ஒன்று சேரப் போகிற நேரத்தில் மூத்த மருமகள் உமா (லட்சுமி) வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், அவ்வப்போது சந்தித்துக்கொள்வோம், பாசம் மிஞ்சும் என்கிறாள். வழக்கமான குடும்பப் படமாக இருந்தால் குரூப் போட்டோவோடு முடிந்திருக்கும். கூட்டுக் குடும்பத்தைப் பாராட்டி இரண்டரை மணி நேரம் படம் காட்டிவிட்டு, கடைசியில் அதைக் கலைப்பதற்குத் தைரியம் வேண்டும். எனக்கு ஒரே ஒரு குறை. வீட்டைக் கட்டிக் காத்து, சண்டையைத் தீர்த்து, கடைசியில் கசப்பு மருந்தையும் கொடுக்கிற வேலை எல்லாம் ஒரு மருமகள் தலையில். விசுவின் பெண்கள் புத்திசாலிகள், ஆனால் அவர்களுடைய புத்தியெல்லாம் குடும்பத்துக்கே செலவாகிவிடும். 'திருமதி ஒரு வெகுமதி', 'பெண்மணி அவள் கண்மணி' என்று தலைப்புகளே அதைச் சொல்லிவிடுகின்றன.

தொண்ணூறுகளில் இந்த மாதிரிப் படங்களுக்குத் தியேட்டரில் கூட்டம் குறைந்தது. குடும்பங்கள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. 1993-ல் சன் டிவி வந்தது. விசுவும் அங்கே போனார், 'அரட்டை அரங்கம்' பிறந்தது. ஊர் ஊராகப் போய் மேடை போட்டு, கூட்டத்தில் இருப்பவர்கள் கையில் மைக்கைக் கொடுத்தார். பட்டிமன்றம் நமக்குப் பழசு, ஆனால் அங்கே பேசுகிறவர் தொழில்முறைப் பேச்சாளர். இங்கே கல்லூரிப் பெண், பஸ் கண்டக்டர், ரிட்டயர்ட் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டோடு இதைப் பார்க்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. இதில் ஒரு வேடிக்கை கவனித்திருப்பீர்கள்: பேச வந்தவர்களில் பாதிப்பேர் விசு மாதிரியே பேசினார்கள். இருபது வருஷமாக அவர் எழுதின வசனம் ஜனங்கள் வாயில் ஏறி, அவரிடமே திரும்பி வந்தது. அதில் கண்ணீர் நாடகம் ஜாஸ்தி என்பார்கள், சில வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் படிக்க வசதி இல்லை என்று மைக்கில் சொன்ன பிள்ளைகளுக்கு அதே அரங்கில் உதவி கிடைத்ததையும் பார்த்திருக்கிறோம்.

பிறகு விசு ஜெயா டிவிக்குப் போய் 'மக்கள் அரங்கம்' நடத்தினார், அரட்டை அரங்கத்தில் டி.ராஜேந்தர் உட்கார்ந்தார். 2016-ல் 'மணல் கயிறு 2' வந்தது, அதிலும் நடித்தார். 2020 மார்ச் 22 அன்று காலமானார். கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு ஒத்திகை பார்த்த ஞாயிற்றுக்கிழமை அது. ஊரே வீட்டுக்குள் இருந்தது, டிவியைப் போட்டுக்கொண்டு.