இதயச் செயலிழப்பும் உடலுழைப்பும்

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை இறைத்துத் தர அதனால் முடியாத நிலை. மூச்சிரைப்பு, கால் வீக்கம், தீராத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். உடலுழைப்பு இந்நோயைத் தடுக்கும் என்ற கருத்து மருத்துவத்தில் மிகப் பிந்தி வந்ததாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதய நோயாளிக்குப் படுக்கை ஓய்வே முதல் சிகிச்சை. மாரடைப்பு கண்டவர் வாரக்கணக்கில் எழுந்திருக்கக் கூடாது. 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லவுனும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்ததே துணிச்சலாகக் கருதப்பட்டது.

மறு ஆண்டே ஜெரமி மாரிஸ் லண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது; வந்தாலும் வயது தள்ளியே வந்தது. ஓட்டுநர்கள் முன்பே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. அதைச் சோதிக்க மாரிஸ் அவர்களுடைய சீருடைகளின் இடுப்பளவைக் கணக்கெடுத்தார். ஓட்டுநர்களின் கால்சட்டைகள் உண்மையிலேயே அகலமானவை! காரணத்தை உழைப்பின் மீது மட்டும் ஏற்றிவிட முடியாது என்பதை இது காட்டியது.

இவ்வாய்வு ஆண்களை மட்டுமே கண்டது. யாருக்கு ஆபத்து மிகுதி என்பதை 1974இல் வெளியான பிரமிங்காம் ஆய்வு முடிவு தெளிவாக்கியது. நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். பெண்களுக்கோ ஐந்து மடங்கு. மிகுந்த சர்க்கரை இதயத் தசையையும் குருதிக்குழாய்களையும் ஒருங்கே கெடுக்கிறது. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தசைகள் அச்சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன, நாளடைவில் குருதியழுத்தமும் தணிகிறது.

இக்கணக்கு திருநள்ளாற்றுக்கு நெருக்கமானது. சனீசுவரன் சந்நிதிக்காகப் பெயர்பெற்ற இவ்வூர் அமைந்துள்ள காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, நீரிழிவில் கோவாவுக்கு (26.4%) அடுத்த இடத்தில் புதுச்சேரி (26.3%) இருந்தது. நாட்டின் சராசரி 11.4%. அதே கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் (54.4%) போதிய உடலியக்கம் இல்லாதவர்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஓய்வு நேரத்தில் எந்த உடற்பயிற்சியும் செய்வதில்லை. காவிரிப் படுகை மக்களுக்கு உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் வயல் வேலையாகவே இருந்தது. நடவும் அறுவடையும் இயந்திரங்களுக்கு மாறியதில் அதுவும் சுருங்கியது; அந்த இடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை.

நோய் வந்தபின் பயிற்சி செய்யலாமா என்ற கேள்விக்கு 2009இல் ஓரளவு விடை கிடைத்தது. அமெரிக்கா, கனடா, பிரான்சு நாடுகளில் இதயச் செயலிழப்புள்ள 2,331 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்குக் கண்காணிப்புடன் தொடங்கிய பயிற்சி தீங்கு செய்யவில்லை; வாழ்க்கைத் தரமும் சற்று உயர்ந்தது. ஆனால் அவர்களில் பெண்கள் 28% மட்டுமே.