கப்பலேறிய சுருட்டு

ஆங்கிலேயரின் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான். பிரெஞ்சு வழியே அச்சொல் ஆங்கிலம் புகுந்ததென அகராதிகள் கூறக் கண்டதும், அதைக் காரைக்கால் துறையின் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு ஆசை எழுந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றது 1739இல். சொல்லோ 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்!

சரக்கும் நம்முடையதன்று. அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து நீர் வந்த வழியே காவிரிக்கு ஏறிச் சென்றால் திருச்சி உறையூர். திண்டுக்கல் புகையிலையைச் சுருட்டி இருமுனையும் வெட்டிய கருஞ்சுருட்டு உலகறியப் புறப்பட்டது அங்கிருந்தே. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே சொல்லிவிடுகிறார். அத்தனை கருத்த சாம்பல்.

அவசரக்காரருக்கு அது முதல் இழுப்பிலேயே தொண்டையைப் பிடிக்கும் காரம் மட்டுமே. புகையை விழுங்காமல், வாயில் சற்றே நிறுத்தி விடுபவருக்குத்தான் அக்காரத்தின் அடியிலுள்ள மண்வாசமும் மெல்லிய இனிப்பும் புலப்படும்.