நாயின் முதுகும் இரண்டு லைசென்ஸும்

மகள் வீட்டு டாஷண்ட் நாய்க்கு இரண்டு வாரமாக சோபாவில் ஏற முடியவில்லை. கலிபோர்னியாவில் அவளோடு தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, நீங்க மாட்டு டாக்டர்தானே, படிச்சுட்டுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடலாமா?"

முப்பது வருடம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் இருந்தவன் நான். இப்படியொரு தாளைப் பார்த்ததில்லை. செய்யப்போவது வழக்கமான கால்நடை மருத்துவமல்ல, மாற்று முறை என்பது எனக்குத் தெரியும் என்று நாய்க்குச் சொந்தக்காரர் எழுதித் தர வேண்டுமாம். சிகிச்சை, கைரோப்ராக்டிக்: முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வது.

அந்தத் தாளுக்குப் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. 1895 செப்டம்பரில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் டி. டி. பாமர், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் புடைத்திருந்த கணுவை அழுத்தினார். காது கேட்டுவிட்டது என்றார். கைரோப்ராக்டிக் பிறந்தது அப்படித்தான். (முதுகுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று உடற்கூறு படித்தவன் கேட்கத்தான் செய்வான்.) பாமர் மளிகை விற்றவர், பிறகு காந்த வைத்தியர். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் உள்ளே தள்ளினார்கள். அவர் வழி வந்தவர்களும் போனார்கள். கலிபோர்னியாவில் மட்டும் நூற்றுக்கணக்கானோர். அபராதம் கட்டுவதைவிட ஜெயிலுக்குப் போவதே அவர்களுக்குக் கௌரவம். 1913இல் கான்சாஸ் அவர்களுக்கு லைசென்ஸ் தரும் முதல் சட்டம் போட்டது. 1922இல் கலிபோர்னிய மக்கள் நேரடியாக வாக்களித்துத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். லூசியானா 1974 வரை இழுத்தடித்தது. எங்களை மேய்க்க டாக்டர்கள் வேண்டாம் என்பதுதான் அத்தனை பேரின் வீம்பும்.

கிடைத்த லைசென்ஸோ மனிதனுக்கு மட்டும். குதிரை முதுகில் கை வைத்தால் அது கால்நடை மருத்துவம், வேறு வாரியத்தின் எல்லை. கைரோப்ராக்டருக்குக் கைப்பழக்கம் உண்டு, மிருகத்தைத் தொட உரிமை இல்லை. எங்கள் ஆட்களுக்கு உரிமை உண்டு, அந்தக் கைப்பழக்கம் இல்லை. இரண்டு படிப்பும் படித்த ஷாரன் வில்லபி 1989இல் அமெரிக்கக் கால்நடைக் கைரோப்ராக்டிக் சங்கத்தைத் தொடங்கி, இரு தரப்புக்கும் சான்றிதழ் பெற வழி செய்தார். ஆனால் சங்கம் சான்றிதழ்தான் கொடுக்கும். அனுமதி மாநிலத்தின் கையில். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

கலிபோர்னியாவில் 2038ஆம் விதி. மகள் நீட்டிய தாளும் அதன்படிதான். எழுதியவர் தொழுவத்தில் நின்று பழகியவராக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு அது வைத்திருக்கும் பெயரில் கைரோப்ராக்டிக் என்ற சொல்லே கிடையாது. 'தசை, எலும்புகளைக் கையாளுதல்' என்றுதான் இருக்கிறது. கால்நடை மருத்துவர் முதலில் பார்த்து நோயை நிதானிக்க வேண்டும். கைரோப்ராக்டர் கை வைக்கும்போது, ஆஸ்பத்திரி என்றால் மருத்துவர் அதே வளாகத்துக்குள் இருக்க வேண்டும். மேய்ச்சல் வெளி என்றால் பக்கத்தில் எங்காவது இருந்தால் போதும். ஐம்பது ஏக்கர் பண்ணையில் குதிரைக்கு அருகே இரண்டு பேரைக் கட்டிப்போட முடியாது என்று யோசித்திருக்கிறார்கள்.

மேய்ப்பன் வேண்டாம் என்று ஜெயிலுக்குப் போன தொழிலுக்கு நாய் விஷயத்தில் மேய்ப்பன். கைரோப்ராக்டர்களுக்கு உறுத்தும்தான். நான் விதியின் பக்கம். நீள முதுகும் குட்டைக் காலுமான டாஷண்டுக்கு டிஸ்க் பிதுங்குவது பிறவிக் கோளாறு மாதிரி. அந்த இடத்தில் தெரியாமல் ஓர் அழுத்து விழுந்தால் பின்னங்கால்கள் போய்விடலாம். மனிதன் என்றால் "ஐயோ, அங்கே வேண்டாம்" என்று கத்துவான். நம் ஊரிலும் 1984ஆம் வருடத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 30ஆம் பிரிவு, பட்டயம் படித்தவர்களைச் சின்னச் சின்னச் சிகிச்சைகளுக்கு மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். அந்த 'மேற்பார்வை'யில் பல நாள் நான் வேறு கிராமத்தில் இருந்திருக்கிறேன். அது வேறு கதை.

மகள் கையெழுத்துப் போட்டாள். மருத்துவர் நாயின் பின்பாதத்தை மடக்கித் தரையில் வைத்தார். அது உடனே நிமிர்த்திக்கொண்டது. நரம்பு பிழைத்திருக்கிறது. தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கைரோப்ராக்டர் இரண்டு கட்டைவிரலையும் முதுகெலும்பின் இருபுறமும் வைத்துக் கணுக் கணுவாக இறங்கினார். ஓரிடத்தில் நின்றார். சின்ன வெட்டு மாதிரி ஓர் அழுத்து. சத்தமே இல்லை. நாய் ஒரு கொட்டாவி விட்டது.

"டாக்டர் இப்ப சாப்பிடப் போயிட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

சிரித்தார். "நானும் கையைக் கழுவிக்கிட்டுச் சாப்பிடப் போயிடுவேன்."