புகையில்லா ஊர்தியும் காங்கோவின் மண்ணும்

மின்காரை இந்நூற்றாண்டின் புதுமையாகவே நாம் கருதிவருகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1899இல், பாரிசுக்கு அருகே, பெல்ஜியரான கமீய் ஜெனாட்ஸி மின்கலத்தால் ஓடும் ஊர்தி ஒன்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். அதற்கு முன் சாலையூர்தி எதுவும் அவ்வேகத்தைத் தொட்டதில்லை. அது காற்றடைத்த ரப்பர் சக்கரங்களில் ஓடியது.

அக்காலத்தில் ரப்பருக்கு ஐரோப்பா கொடுத்த விலையை நாம் அறிவோம். காங்கோ கொடுத்த விலை வேறு. 1885 முதல் 1908 வரை அந்நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. காட்டுக்கொடியின் பாலைக் குறித்த அளவில் கொண்டுவராத ஊர்களில் பெண்களைப் பிணையாகச் சிறைபிடித்தனர், கைகளை வெட்டினர். உலகம் கண்டித்த பின்னரே மன்னரின் ஆட்சி முடிந்து, பெல்ஜிய அரசின் ஆட்சி வந்தது.

அதற்குள் பேராசை காட்டிலிருந்து நிலத்தடிக்கு இறங்கியிருந்தது. தெற்கிலுள்ள கட்டங்காவின் செம்பை அகழ 1906இல் யூனியன் மினியேர் நிறுவனம் தோன்றியது; 1911இல் இன்றைய லுபும்பாஷியில் உருக்காலை புகையத் தொடங்கியது. கந்தகப் புகை காற்று வீசிய திசையெங்கும் காட்டை மொட்டையாக்கியது. அச்செம்போடு கலந்து கிடந்ததுதான் கோபால்ட்.

1991இல் லித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வந்தது. அதன் நேர்மின்வாய்க்குக் கோபால்ட் தேவைப்பட்டது. இன்று உலகில் அகழப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காங்கோவினுடையது. பெரும்பகுதி பெருஞ்சுரங்கங்களில் கிடைக்கிறது. எஞ்சியதை ஏழைகள் கைக்கருவிகளால் தோண்டுகிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. சுரங்க வேலை செய்யும் தந்தையரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பு மிகுதி என்று லுபும்பாஷியில் நடந்த ஆய்வொன்று 2020இல் தெரிவித்தது.

இதைக் கொண்டு பெட்ரோலே மேல் என்று வாதிடுவது பிழை. மின்காரைச் செய்யும்போது வெளியாகும் கரியமிலவாயு பெட்ரோல் காரைவிட மிகுதிதான். ஆனால் ஓடி ஓடி அக்கடனை அது பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் பரவிவருகின்றன. எண்ணெய் எடுத்த நைஜர் கழிமுகமும் நலமாக இல்லை.

நம் ஐயம் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. கரியமிலவாயுவை மட்டும் எண்ணும் பேரேட்டில் மொட்டையான காட்டுக்கோ, நஞ்சேறிய மண்ணுக்கோ, குழி தோண்டும் சிறுவனுக்கோ இடமில்லை. ரப்பர்க் காலத்திலும் வரவு ஓரிடத்தில் எழுதப்பட்டது. செலவு வேறிடத்தில் நிகழ்ந்தது. இம்முறை இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினால்தான், தூய்மை என்னும் சொல்லை நாம் கூசாமல் சொல்ல முடியும்.