கடைக்கு உதவாத தைரியம்

போர்க்காலத்தில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ தைரியம் பிறக்கிற கதை என்றால் அதன் வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் பயம். பிறகு ஓர் இழப்பு. அப்புறம் யாரோ ஒருவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். கடைசி அத்தியாயத்தில் எதிரி விழுகிறான், இல்லையென்றால் நாயகனே விழுந்து அவன் பெயர் நிற்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஸ்டீஃபன் கிரேன் எழுதிய 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' 1895-இல் வந்தது. பயந்து ஓடிய பையன் திரும்பி வந்து போரிடும் கதை. கிரேன் பிறந்ததே அந்தப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்துத்தான். அவருக்கு வீரம் என்பது கேள்விப்பட்ட விஷயம். அதனால்தான் நாவலைப் போர்க்களத்தோடு முடித்துக்கொள்ள முடிந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நம்ம பக்கத்துக் கதை வேறு மாதிரி. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' அந்த வரிசையின் கடைசியிலிருந்து தொடங்குகிறது. வீரமெல்லாம் ஏறக்குறைய நடந்து முடிந்துவிட்டது. பையன் ஊர் திரும்புகிறான். இனி அந்த வீரத்தை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

சிங்காரம் என்றாலே எல்லோரும் 'புயலிலே ஒரு தோணி'க்கு ஓடுவார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். 'கடலுக்கு அப்பால்' அதற்கான ஒத்திகை, முதல் நாவல், சின்னது, காதல் கதை என்றுதான் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் இளைஞனுக்கு நேரக்கூடிய ஒரு குறிப்பிட்ட அவமானத்தை இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்ட வேறொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. அந்தக் கணக்கு புரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும். அந்த வரலாறு நடந்தது நாம் தினமும் எம்ஆர்டி ஏறுகிற இடத்தில்.

1942 பிப்ரவரி 15, ஞாயிறு. சிங்கப்பூர் சரணடைந்தது. வருஷா வருஷம் அன்றைக்குச் சைரன் ஊதுவதும், பள்ளிக்கூடத்தில் மரவள்ளிக்கிழங்கு கொடுத்து வரலாறு சொல்வதும் நமக்குப் பழக்கம். ஆனால் பிப்ரவரி 17-ஆம் தேதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அன்றைக்குத்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்கள், 40,000-க்கும் மேற்பட்டவர்கள், ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார், பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அந்தத் திடல். அதற்கு முன்னால் அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் அந்தக் குதிரைகளைத்தான் சொல்கிறது. நாம் அங்கே மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறோம்.

அடுத்த வருஷம் ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். 4-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமையை ஏற்றார், 5-ஆம் தேதி பாடாங்கில் படையைப் பார்வையிட்டார். அதன் பிறகு சிப்பாய் அல்லாதவர்களும் படைக்கு வர ஆரம்பித்தார்கள். ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிகள், துறைமுகக் கூலிகள், கடைப்பையன்கள் என்று மலாயா முழுக்கத் தமிழ் இளைஞர்கள் போனார்கள். அதே 1942-43-இல்தான் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் ரயில் பாதைக்கும் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) இரண்டும் அந்தப் பாதையைப் பற்றியவை. நான் ரயில் பாதை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிற பொறியாளன். ஒரு கிலோமீட்டர் பாதைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எனக்குத் தோராயமாகத் தெரியும். அந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு அந்த நாவல்களைப் படிப்பது நல்ல அனுபவமாக இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: அந்த வருஷங்களில் ஒரு தோட்டத்துப் பையன் முன்னால் இருந்த வழிகள் மிகச் சில. படையில் சேர்ந்தவன் எல்லோரும் நாட்டுப்பற்றால் மட்டும் சேர்ந்தான் என்று சொல்லிவிட முடியாது.

சிங்காரம் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் மெடானுக்குக் கப்பலேறி, ஒரு கடையில் வேலை பார்த்தவர். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பினார். பிறகு மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை. 'கடலுக்கு அப்பால்' 1950-இல் எழுதி முடித்தது. அச்சில் வர 1959 ஆயிற்று, அதுவும் 'கலைமகள்' போட்டியில் பரிசு வாங்கிய பிறகுதான். 'புயலிலே ஒரு தோணி' 1962-இல் எழுதியது, 1972-இல் வந்தது. ஆளைப் பதிப்பகங்கள் எவ்வளவு அலையவிட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர் நாவலே எழுதவில்லை.

இப்போது கதைக்கு வருவோம். செல்லையா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்த்த பையன். முதலாளி வானாயீனா. கடை விலாசத்தின் எழுத்துகளே ஆளுடைய பெயராக ஆகிவிட்ட உலகம் அது. அவர் மகள் மரகதம். செல்லையாவும் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவனே மருமகன் என்று வீட்டிலும் ஓர் எண்ணம் இருந்தது. தாய் காமாட்சியம்மாளுக்கு அவன்மேல் பிரியம். இடையில் செல்லையா படையில் சேர்ந்து, அதிகாரியாகி, துணிச்சல்காரன் என்று பெயர் வாங்கித் திரும்பி வருகிறான். வானாயீனா மனம் மாறிவிட்டது. மரகதத்தை நாகலிங்கத்துக்குக் கொடுப்பதாக முடிவு. நாகலிங்கம் கடையை விட்டு எங்கேயும் போகாத பையன்.

இதை 'கொடுமைக்கார அப்பா' கதையாக வாசித்தால் நாவல் கைநழுவிவிடும். அந்த வட்டிக்கடை ஏணியைக் கொஞ்சம் பாருங்கள். பையன் ஊரிலிருந்து வந்து பெட்டியடியில் உட்காருவான். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். பிறகு அடுத்தாள். பிறகு மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் போவான், மறுபடி வருவான். கடைசியில், அதிர்ஷ்டமிருந்தால், தனிக்கடை. பினாங் செட்டித் தெருவிலும் இதே ஏணி, நம்ம மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளிலும் இதே ஏணி. நீளமான ஒடுக்கமான கூடம், ஆளுக்கொரு பெட்டி, அதற்குப் பின்னால் சம்மணம் போட்டு ஓர் ஆள். இந்த ஏணியில் ஏற வேண்டிய குணங்கள் என்னென்ன? பொறுமை, பணிவு, குரல் உயர்த்தாமை, கடன்காரன் திட்டினாலும் சிரித்து வசூல் பண்ணுகிற சாமர்த்தியம். துப்பாக்கி பிடித்து, பத்துப் பேருக்கு உத்தரவு போட்டு, சாவைப் பக்கத்தில் பார்த்தவனிடம் இந்தக் குணங்கள் மிஞ்சியிருக்குமா? வானாயீனா கேட்பது அதுதான். அவர் செல்லையாவை வெறுக்கவில்லை. அவனை எடை போடுகிறார். இவன் இனி கடைக்கு உதவ மாட்டான் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

அதைவிடச் சங்கடமான விஷயம், வானாயீனாவின் கணக்கில் தப்பு இல்லை. செல்லையா உண்மையாகவே மாறித்தான் போயிருக்கிறான். முன்புபோல முதலாளி முன்னால் குறுகி நிற்க அவனால் முடியவில்லை. குறுகி நின்றிருந்தால் மரகதம் கிடைத்திருப்பாளோ என்னவோ. அவனுக்குக் கிடைத்த தைரியமே அவனுக்கு வேண்டியதைக் கிடைக்கவிடாமல் செய்கிறது.

நான் தேசியச் சேவை முடித்தவன். இரண்டு வருஷம். போர் எதையும் பார்த்ததில்லை. புலாவ் தேக்கோங்கில் கொசுக்கடியும் தூக்கமின்மையும்தான் அதிகபட்ச ஆபத்து. 'ஓஆர்டி லோ!' என்று கத்திக்கொண்டு வெளியே வந்தபோது பல்கலைக்கழகத்தில் எனக்கான இடம் காத்திருந்தது. கால்குலஸ் மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான் சேதம். பிறகு வேலைக்கான நேர்முகத்தில், படையில் என்ன பொறுப்பில் இருந்தாய் என்று ஆர்வமாகக் கேட்டார்கள். அது என் தகுதிக் குறிப்பில் ஒரு வரி. செல்லையா கதையைப் படிக்கும்போதுதான் எனக்கு அந்த வரியின் விலை உறைத்தது. சீருடை போட்டுத் திரும்புகிறவனுக்கு இடம் வைத்திருக்க ஓர் அரசு வேண்டும், சட்டம் வேண்டும், அதை நல்லது என்று நம்புகிற முதலாளிகள் வேண்டும். செல்லையாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவனுடைய அரசு 1943 அக்டோபர் 21-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் பிரகடனம் செய்யப்பட்டது. இரண்டு வருஷத்துக்குள் இல்லாமல் போனது. எஸ்பிளனேடில் போஸ் 1945 ஜூலை 8-ஆம் தேதி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைக்கூட செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே ஒரு குறிப்புப் பலகை வர 1995 ஆனது. தோட்டத்திலிருந்து போனவர்கள் பலர் மறுபடி பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே போனார்கள்.

ஜெர்மனியில் ரெமார்க் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற போர் நாவலுக்கு அடுத்து 1931-இல் வந்த 'தி ரோட் பேக்', போரிலிருந்து திரும்பிய பையன்கள் மறுபடி வகுப்பறையில் உட்கார முடியாமல் தவிப்பதைச் சொல்கிறது. ஆனால் ரெமார்க்கின் பையன்களுக்குத் தங்களைப் போலவே திரும்பிய ஒரு தலைமுறை துணைக்கு இருக்கிறது. செல்லையாவுக்கு இருப்பது ஒரே ஒரு மாணிக்கம். சிங்காரத்தின் இரண்டு நாவல்களிலும் வருகிற அந்த நக்கல் பிடித்த நண்பன், பழந்தமிழ் இலக்கியத்தைக்கூடக் கிண்டலடிக்காமல் பேசத் தெரியாதவன். அவன் செல்லையாவுக்கு ஆறுதல் சொல்வதில்லை. போய் வானாயீனாவிடம் சண்டை போடு என்று உசுப்புவதும் இல்லை. இது தீராது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி பேசிப் பேசியே அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். துப்பாக்கியோடு நின்ற செல்லையாவைவிட, அந்தப் பேச்சுக்குப் பிறகு மரகதத்தைப் பார்த்து விடைபெறுகிற செல்லையா எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறான். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் இன்னும் புத்திசாலி, இன்னும் சாகசக்காரன். ஆனால் அவன் ஊர் திரும்பாமலே சுமத்ராவில் செத்துப்போகிறான். இப்படி ஒரு காலையில் எழுந்து, தோற்ற மனிதனாக அடுத்த வேலையைப் பார்க்கிற கஷ்டம் அவனுக்கு வரவேயில்லை.

இத்தனை சொன்ன பிறகும் நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. அது மரகதம்.

சிங்கப்பூரில் 1943 ஜூலை 12-ஆம் தேதி, சேலை கட்டிய 20 பெண்கள் கனமான .303 துப்பாக்கிகளைத் தூக்கி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். ஏற்பாடு செய்தவர் இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22-இல் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. இன்றைக்கு கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து நிற்க, ஊதுபத்திப் புகைக்கு நடுவே நாம் நடந்துபோகிற அதே தெரு. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அதிலும் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். கோலாலம்பூரில் போஸ் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த ஜானகிக்கு அப்போது பதினெட்டு வயது. ஈப்போவின் ராசம்மாவுக்குப் பதினாறு. இருவரையும் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஜானகி பின்னாளில் மலேசிய அரசியலில் பெயர் பெற்றார், ராசம்மா பள்ளி முதல்வரானார். ஆங்கிலம் படித்தவர்கள், பேட்டி கொடுத்தார்கள், படம் இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் 1945-க்குப் பிறகு என்ன ஆனார்கள்? அவர்களுக்கும் ஒரு வானாயீனா இருந்திருப்பார். துப்பாக்கி பிடித்த பெண்ணை எந்த வீட்டில் மருமகளாக ஏற்றார்கள், எந்த வீட்டில் அந்த இரண்டு வருஷத்தை வெளியே சொல்லாதே என்றார்கள்? ரெங்கசாமியின் 'இமயத் தியாகம்' (2006) அந்தப் படையைப் பற்றிய நாவல்தான். இருந்தாலும் திரும்பி வந்த அந்தப் பெண்ணை மட்டுமே மையமாக வைத்து, செல்லையாவுக்குச் சிங்காரம் செய்தது போல ஒரு நாவலை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிங்காரம் மரகதத்துக்குக் கொடுத்தது அழுகையும் சம்மதமும். அவளுடைய சம்மதத்துக்குள்ளும் ஒரு துணிவு இருக்கிறது என்று வாதாடலாம். நண்பர்களோடு தேக்காவில் டீ குடித்துக்கொண்டே நான் வாதாடியும் இருக்கிறேன். ஆனால் பெரும்பாலான பக்கங்களில் அவள் வீட்டின் உள்கட்டில், ஆண்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். 1943-இல் அவளுக்கும் ஏறக்குறைய ஜானகியின் வயதுதான் இருந்திருக்கும். மணமாகாத பெண் அந்தப் படையில் சேர அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஜானகியும் வாங்கித்தான் போனார். மரகதம் அப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் வானாயீனா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கியிருப்பாரா என்பதே சந்தேகம்.