கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே

தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மாவட்டத் தலைநகர். மாலை ஆறு மணி வாக்கில் குற்றச்செய்தி எழுதும் நிருபரின் கைப்பேசிக்கு ஒரு பிரஸ் நோட் வருகிறது. கூடவே ஒரு படம். மேசைமேல் மீட்கப்பட்ட நகை, பக்கத்தில் நாலைந்து செல்போன், ஓரமாக ஓர் அரிவாள். பின்வரிசையில் தனிப்படைக் காவலர்கள். நடுவில் தலைகுனிந்து நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவர்களுடைய பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு, ஊர் எல்லாம் குறிப்பில் இருக்கின்றன. "விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்" என்ற வரியும் இருக்கிறது. மறுநாள் காலை டீக்கடைப் பெஞ்சில் அது "பரபரப்பு வாக்குமூலம்" ஆகிவிடும்.

அதேபோன்ற ஒரு வழக்கில் இங்கிலாந்துக் காவல்துறை தரும் அறிக்கை மூன்று வரியில் முடிந்துவிடும். இன்ன ஊரில் 34 வயது ஆண் ஒருவர் கொலைச் சந்தேகத்தின்பேரில் கைதாகியிருக்கிறார், காவலில் இருக்கிறார், தகவல் தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்குப் பேசலாம். பெயரும் இல்லை, படமும் இல்லை. அவர் விசாரணையில் என்ன சொன்னார் என்ற பேச்சே இல்லை.

இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், முதலாவது திறந்த மனத்தோடு எழுதியது, இரண்டாவது எதையோ மறைப்பது என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நம் பிரஸ் நோட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிடிபட்டவரைப் பற்றி அதில் எல்லாம் இருக்கிறது. பிடித்தவர்களைப் பற்றி என்ன இருக்கிறது? எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, டாக்டரிடம் காட்டினார்களா, எந்த மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள்? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இரு நாட்டு முறைகளையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் வேறில்லை.

சட்டம் விழித்துக்கொள்ளும் நேரம்

இரண்டும் ஒரே குடும்பத்துச் சட்டங்கள். ஆனால் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஓர் இடத்தில் பிரிகின்றன. இங்கிலாந்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் கைதான நொடியிலேயே வழக்கு உயிர்பெற்றுவிடுகிறது. அதன்பிறகு விசாரணையைக் கெடுக்கக்கூடியதாக எதை அச்சிட்டாலும் பத்திரிகை பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போதோ நீதிமன்றம் சம்மன், வாரண்ட் பிறப்பிக்கும்போதோதான் வழக்கு 'நிலுவையில்' இருப்பதாகக் கணக்கு. கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே 60 நாள், 90 நாள் ஓடிவிடுகிறது. செய்தி சூடாக இருப்பதும் அந்த நாள்களில்தான். கைதிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006ஆம் ஆண்டில், ஊடக விசாரணை பற்றிய தன் 200ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை.

இங்கிலாந்தின் கெடுபிடிக்குக் காரணம் ஜூரி முறை. தீர்ப்புச் சொல்லப்போகிற பன்னிரண்டு பேரும் நாளிதழ் படிக்கிற சாதாரண மனிதர்கள். நம் நாட்டில் ஜூரி ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. படித்த நீதிபதியைத் தலைப்புச்செய்தி அசைக்காது என்று நம்புகிறோம். அது உண்மையாகவே இருந்தாலும், தெருவில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்ட மனிதருக்கு நீதிமன்ற விடுதலை எந்த அளவுக்கு உதவும்?

இந்தக் கேள்வியை இங்கிலாந்து அடிபட்டே கற்றது. 2010 டிசம்பரில் பிரிஸ்டல் நகரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போலீஸ் கைது செய்தது. அவருடைய தலைமுடியையும் பழக்கவழக்கங்களையும் வைத்தே சில நாளிதழ்கள் அவரைக் கொலைகாரராகச் சித்தரித்தன. அவருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை, குற்றவாளி வேறொருவர். 2011ஆம் ஆண்டில் நீதிமன்ற அவமதிப்புக்காக டெய்லி மிரர் 50,000 பவுண்டும், சன் 18,000 பவுண்டும் அபராதம் கட்டின. பத்திரிகைகளின் நடத்தையை விசாரித்த லெவிசன் ஆணையம் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை, போலீஸும் பத்திரிகையும் கொண்டிருந்த நெருக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியது. குற்றம் முறைப்படி சாட்டப்படும்வரை, விதிவிலக்கான காரணம் இருந்தாலொழியப் பெயரை வெளியிடக்கூடாது என்ற நெறிமுறை காவல்துறைக்கு வந்தது. குற்றம் சாட்டியபிறகு பெயர், வயது, முகவரி, குற்றச்சாட்டு, கோர்ட்டுக்கு வரும் தேதி எல்லாம் வெளிவரும். காவலில் எடுத்த படம் பொதுவாகத் தண்டனைக்குப் பிறகுதான் கிடைக்கும். நம் ஊரில் கதை தொடங்குவதே அந்தப் படத்தில்தான்.

விதி இருந்தும் வழுக்கியவர்கள் அங்கேயும் உண்டு. 2014 ஆகஸ்டில் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டை சவுத் யார்க்‌ஷயர் போலீஸ் சோதனையிட்டபோது, தலைக்குமேல் பிபிசியின் ஹெலிகாப்டர் படம்பிடித்துக்கொண்டிருந்தது. சோதனை நடக்கும் நேரம் பிபிசிக்குப் போலீஸிடமிருந்தே தெரிந்திருந்தது. அவர் கைதாகவும் இல்லை, அவர்மேல் குற்றம் சாட்டப்படவும் இல்லை. 2018ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் பிபிசியை 2,10,000 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. போலீஸ் தன் பங்குக்கு 4,00,000 பவுண்டு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. விசாரணையில் இருப்பவருக்கு, குற்றம் சாட்டப்படும்வரை அந்தரங்கம் காக்கப்படும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு என 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஒப்புதல் வாக்குமூலம்

இரு நாடுகளும் நேரெதிராக நிற்கும் இடம் இது.

1855ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் ஓர் அறிக்கை தந்தது. போலீஸ் வேலையும் வரிவசூலும் ஒரே ஆட்கள் கையில் இருந்த காலம். வரிப்பாக்கியை வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்பதைப் பதிவுசெய்த அறிக்கை அது. இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி பிறந்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, இன்று பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தில் 23ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைத் தொட்ட பகுதி மட்டும் செல்லும்.

இங்கிலாந்தில், வற்புறுத்தாமல் பெற்ற வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். காவலில் நடக்கும் விசாரணை ஒலிப்பதிவாகிறது. வக்கீல் பக்கத்தில் இருக்கலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெல்லாம் வழிசெய்தது.

ஆக, அங்கே கோர்ட்டில் செல்லும் வாக்குமூலத்தைப் போலீஸ் பத்திரிகையிடம் சொல்வதில்லை. இங்கே கோர்ட்டில் செல்லாத வாக்குமூலத்தைப் பத்திரிகையிடம் சொல்கிறார்கள். நீதிபதி காதில் விழக்கூடாது என்று சட்டம் தள்ளிவைத்த ஒன்று, ஊர்க் காது முழுக்க விழுகிறது. 1855 அறிக்கை கண்ட அதே அறையிலிருந்து வந்த வார்த்தை அது என்பதை, அதை அச்சுக்குக் கொடுக்கிற நாமும் யோசிப்பதில்லை.

இந்தியத் திறப்பின் நியாயம்

இதனால் இந்தியா இங்கிலாந்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவுகட்டினால் பெரிய தவறு. இந்தியச் சட்டம் கைதை வெளிப்படையாக்கியதற்கு உயிர்க் காரணம் இருக்கிறது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம், கைதான 12 மணி நேரத்துக்குள் விவரம் கண்ட்ரோல் ரூமுக்குப் போக வேண்டும், அங்கே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றது. காவலில் மனிதர்கள் சாவதைத் தடுக்கச் சொன்ன கட்டளை அது. கணவனைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும் பெண்ணுக்கு அந்தப் பலகையில் இருக்கும் பெயர் அவமானம் இல்லை, ஆறுதல். இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, ஒவ்வொரு காவல்நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர் விவரம் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்து பெயரை மறைத்து மானத்தைக் காக்கிறது. இந்தியா பெயரைச் சொல்லி உயிரைக் காக்க நினைத்தது.

எஃப்.ஐ.ஆர். விஷயமும் அப்படித்தான். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தன்மேல் என்ன புகார் என்றே தெரியாமல் வக்கீல் வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை. இங்கிலாந்தில் இப்படியொரு ஆவணம் பொதுமக்கள் கைக்கு வருவதில்லை.

பாலியல் குற்ற வழக்குகளுக்கு அந்த உத்தரவிலேயே விலக்கு உண்டு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் அந்த விலக்கு உடைந்தது. பாதிக்கப்பட்டவரின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. புதிய சட்டப் பிரிவுகளுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. நம்பிப் புகார் கொடுக்க வந்தவளைக் காக்க முடியாத திறப்பு, அடுத்த பெண்ணின் வாயை அடைத்துவிடும்.

போலீஸே கட்சிக்காரராகும்போது

குற்றச்சாட்டு போலீஸ் மீதே திரும்பும்போது இரு நாடுகளுக்கும் வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய கால்பந்து ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். ரசிகர்கள்தான் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்ற கதை முதலில் பரவியது. வாயிலைத் திறக்கச் சொன்னது போலீஸ். நான்காம் நாள் சன் நாளிதழ், போலீஸ் தரப்பிலிருந்து வந்த அவதூறுகளை 'உண்மை' என்ற பெருந்தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. 23 ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டில், சுயேச்சைக் குழு ஆவணங்களைத் திறந்தது. சம்பவம் பற்றிப் போலீஸார் எழுதிக்கொடுத்த 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116இல் போலீஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு வியாபாரியும் அவருடைய மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது. கடைத்தெருக் கேமரா வேறொன்றைக் காட்டியது. ஸ்டேஷன் கேமராவின் பதிவுகள் தினந்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல்நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

தன்னைப் பற்றிய முதல் தகவலைத் தானே எழுதும் அதிகாரம் எந்த நாட்டுக் காவல்துறையிடம் இருந்தாலும் இந்த ஆபத்து இருக்கும். ஷெஃபீல்டிலும் சாத்தான்குளத்திலும் உண்மையை வெளியே கொண்டுவந்தவை போலீஸ் தானாகக் கொடுத்த தகவல்கள் அல்ல. வெளியாள் கேட்டு வாங்கிய ஆவணம், கேமரா, சாட்சி சொல்லத் துணிந்த மனிதர்கள் ஆகியவைதான்.

மௌனத்தின் விலை

மௌனமும் ஆளைக் கொல்லும். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவனுக்கு 17 வயது, கார்டிஃபில் பிறந்தவன். வயது கருதிப் போலீஸ் பெயரைச் சொல்லவில்லை. படகில் வந்த அகதி என்று சொல்லி ஒரு பொய்ப்பெயர் அன்றே இணையத்தில் பரவியது. மறுநாள் மாலை அவ்வூர் மசூதி தாக்கப்பட்டது. கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. பெயரை வெளியிட ஆகஸ்ட் 1 அன்று நீதிபதி அனுமதித்தபோது காலம் கடந்திருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் லிவர்பூலில் கூட்டத்துக்குள் கார் புகுந்தபோது, சவுத்போர்ட் வழக்கைக் கையாண்ட அதே மெர்சிசைட் போலீஸ் இரண்டு மணி நேரத்துக்குள் பேசியது. கைதானவர் 53 வயது வெள்ளையின பிரிட்டிஷ்காரர் என்றது, பெயரைச் சொல்லவில்லை. வதந்தி அடங்கியது. ஆனால் நிறத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டால், சொல்லாத நாளில் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை அங்கே எழுந்திருப்பதும் நியாயம்தான்.

வதந்தியை எதிர்கொள்வதில் நம் போலீஸுக்கும் நல்ல அனுபவம் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு தாமே காணொளியில் தோன்றி மறுத்தார். ஒருவர் முகத்தையும் காட்டாமல், ஒருவர் வாக்குமூலத்தையும் படிக்காமல், ஊருக்குத் தேவையான உண்மையை உரிய நேரத்தில் சொன்னார்கள். முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அந்த மாலைக் குறிப்பு

போலீஸ் ஊடகத்திடம் பேசும் முறைக்கு விரிவான கையேடு தயாரிக்குமாறு 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. 2010ஆம் ஆண்டிலேயே ஓர் அறிவுரைச் சுற்றறிக்கை இருந்தும், மேசைக்குப் பின்னால் ஆளை நிறுத்தும் படங்கள் நிற்கவில்லை. ஆகவே எந்தக் கையேடு வந்தாலும், நான் முதலில் பார்க்கப்போவது மாலையில் வரும் அந்த பிரஸ் நோட்டைத்தான்.

அதில் இன்ன குற்றத்துக்காக இன்னாரை இத்தனை மணிக்குக் கைது செய்தோம் என்று இருக்கட்டும். அது பாசு வழக்கு தந்த உரிமை. வீட்டில் இன்னாருக்குத் தகவல் சொன்னோம், அரசு மருத்துவமனையில் காட்டினோம், இன்ன கோர்ட்டில் நிறுத்தினோம், ஸ்டேஷன் கேமராப் பதிவு பத்திரமாக இருக்கிறது என்று நாலு வரி சேரட்டும். படத்தை எடுத்துவிடலாம். "ஒப்புக்கொண்டனர்" என்ற வரியையும் எடுத்துவிடலாம். கோர்ட்டே கேட்காததை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிருபரும் மறுநாள், அந்த நாலு வரியில் எது விடுபட்டது என்று கேட்டு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்யட்டும்.