பழைய ஜீப்பும் மலைப்பாதையும்

புதிதாகக் கடைக்கு வருமுன்னரே பழையதாக விற்பனைக்கு வந்துவிட்ட பொருள்கள் உலகில் மிகச் சில. ஜீப் வண்டி அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லாண்டு கம்பெனியார் பொதுமக்களுக்கென்று ஜீப் செய்து வெளியிட்டது 1945-ஆம் ஆண்டின் நடுவில்தான். அதற்கு முன்னரே, இராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் சில அந்நாட்டுக் குடியானவர்களின் கைக்கு வந்துவிட்டன. குண்டும் குழியும் பட்டு, வண்ணம் உரிந்து, யாரோ ஒரு சிப்பாயின் பூட்சுத் தடத்தோடு வந்த அந்தப் பழைய வண்டிகளின் வழியாகத்தான், நான்கு சக்கரங்களும் இழுக்கும் மோட்டார் வண்டி என்ற ஒன்றைச் சாதாரண மக்கள் முதன் முதலாக அறிந்தனர். எனவே ஜீப்பின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தவன் பழைய வண்டி வாங்குவதைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வாங்கியவன் ஆகையால், இவ்விஷயத்தில் எனக்குச் சிறிது உரிமையும் உண்டு.

நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் எண்ணம் ஜீப்பினால் பிறந்ததன்று. ஹாலந்து தேசத்து ஸ்பைக்கர் என்ற வண்டி 1903-லேயே அதைச் செய்து காட்டிற்று. முதல் உலக யுத்தத்தில் அவ்வகை லாரிகள் சேற்றில் பீரங்கி இழுத்தன. ஆனால் அவையெல்லாம் பெரிய வண்டிகள், விலையும் பெரிது. சிறிதாகவும் இலேசாகவும் ஒன்று வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் கேட்டது 1940-ஆம் ஆண்டு கோடையில். 135 கம்பெனிகளுக்கு அழைப்புப் போயிற்று. எடை 1,300 ராத்தலுக்கு மேற்படலாகாது என்றும், முதல் வண்டி 49 நாட்களில் வந்தாக வேண்டும் என்றும் நிபந்தனை. இதைப் படித்தவர்களில் பலர் சிரித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. பதில் அனுப்பியவர்கள் இருவரே.

அவ்விருவரில் ஒருவர், பென்ஸில்வேனியா மாகாணத்து பட்லர் என்ற ஊரில் ஏறக்குறைய மூடும் நிலையில் இருந்த பான்டம் என்ற சிறு கம்பெனியார். கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் ஜூலை மாதத்தில் அங்கே வந்து, சில நாட்களிலேயே படங்களை வரைந்து கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் நாள், கெடு முடிய அரைமணி நேரம் இருக்கையில், அவ்வண்டி சாலை வழியாகவே ஓடி மேரிலாந்து மாகாணத்து ஹோலபர்டு முகாமுக்குள் நுழைந்தது. உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்பது இங்கே நடந்தது. பெருந்தொகையான வண்டிகளை அக்கம்பெனியால் செய்து தர இயலாது என்று கருதிய இராணுவத்தார், படங்களை வில்லிஸுக்கும் போர்டுக்கும் காட்டினர். 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போயிற்று; பின்னர் போர்டு கம்பெனியாரும் அதே மாதிரியில் செய்தனர். யுத்தம் முடிவதற்குள் இரு கம்பெனிகளுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்து குவித்தன. பான்டம் கம்பெனிக்குக் கிடைத்தது, ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர்களைச் செய்யும் வேலை.

போர் நின்றதும் இவ்வளவு வண்டிகளை என்ன செய்வது? பசிபிக் தீவுகளில் விட்டுச் சென்றவையும் உண்டு, விற்றவையும் உண்டு. பெட்டியில் அடைத்த புத்தம் புதிய ஜீப் 50 டாலருக்குக் கிடைக்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பல ஆண்டுகள் விளம்பரம் வந்தது. பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தது, சர்க்கார் ஏலத்தில் எப்படிக் கலந்துகொள்வது என்று விளக்கும் ஒரு சிறு புத்தகம்! பிலிப்பைன்ஸ் மக்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். அமெரிக்கப் படை விட்டுச் சென்ற ஜீப்புகளை வாங்கி, பின்புறத்தை நீட்டி, எதிரெதிராகப் பலகை போட்டு, கூரை வேய்ந்து, வண்ணம் பூசி, யுத்தத்தில் நொறுங்கிப்போன மணிலா நகருக்கு ஒரு போக்குவரத்தையே உண்டாக்கிவிட்டார்கள். ஜீப்னி என்று அதற்குப் பெயர்.

பழைய ஜீப் ஒன்றை வாங்கியவர்களுள் மிகுந்த பயன் கண்டவர் மாரிஸ் வில்க்ஸ் என்பார். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் வண்டிகளை வகுக்கும் தலைமைப் பொறியியலாளர் அவர். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்ஸீ தீவில் அவருக்கு நிலம் இருந்தது. அதில் வேலைக்காகப் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது ஓய்ந்தால் அதற்குப் பதிலாக வேறு எதை வாங்குவது என்று தேடிப் பார்த்தபோது, இன்னொரு பழைய ஜீப்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. 1947-ல் ஒரு ஜீப்பின் சட்டத்தின் மேலேயே தம்முடைய முதல் மாதிரியைக் கட்டினார். இரும்புக்குப் பங்கீடு இருந்த காலம் ஆதலால், மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்டு ரோவர் என்ற பெயரோடு அது வெளிவந்தது.

நம் தேசமும் பழைய ஜீப் வாங்கியது. அந்தக் கதை அவ்வளவு இனிமையானதன்று. 1948-ல் காஷ்மீரத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு ஜீப்புகள் அவசரமாக வேண்டியிருந்தன. இலண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ணமேனன், புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகளுக்காக ஏறத்தாழ எண்பது லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். முறைப்படியான வழியை விட்டு விலகிச் செய்யப்பட்ட ஒப்பந்தம் என்று பின்னால் கண்டனம் எழுந்தது. முன்பணம் போயிற்று, வந்து இறங்கியவை 155 வண்டிகள். அவையும் படைக்கு உதவா என்று கழிக்கப்பட்டன. பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் இதைப் பற்றிய கேள்விகள் ஓயவில்லை. 1955 செப்டம்பரில் அவ்விவகாரம் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது; அடுத்த ஆண்டே மேனன் மந்திரி சபையில் சேர்ந்தார். அவர்மேல் குற்றம் எதுவும் நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வண்டியைக் கண்ணால் காணாமல், சக்கரத்தைச் சுழற்றிப் பாராமல் வாங்கினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

இந்தியாவிலேயே ஜீப்பைப் பூட்டும் முயற்சியும் அக்காலத்தில்தான் தொடங்கிற்று. 1945-ல் மஹீந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகம்மதும் கூடி ஓர் இரும்பு வியாபாரக் கம்பெனியை ஏற்படுத்தினர். பிரிவினையின்போது குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று, அந்நாட்டின் முதல் நிதி மந்திரியும், பின்னர் கவர்னர்-ஜெனரலும் ஆனார். இங்கே எஞ்சிய சகோதரர்கள் பெயரை மாற்றிக்கொண்டு, பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டலாயினர். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, கிராமத்தான் சர்க்காரைக் கண்ணால் கண்டதே ஜீப்பின் வடிவத்தில்தான் என்று சொல்லலாம். வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் ஊருக்குள் புழுதி கிளப்பி வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். அந்த ஜீப்புகள் தேய்ந்து ஓய்ந்தபின் ஏலத்துக்கு வந்தன. ஏலத்திலிருந்து தரகர் கைக்கும், தரகர் கையிலிருந்து மலைத்தோட்டக்காரர் கைக்கும் போயின.

போடிநாயக்கனூருக்கு மேலே மலையில் எனக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. போடிமெட்டுக்குச் செல்லும் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை பஸ் உண்டு. அப்பால் தோட்டத்துக்கு நான்கு மைல் தூரம் கல்லும் சேறுமான தடம். பறித்த ஏலப்பழம் காத்திருக்காது. அன்றே உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்ச் சேராவிட்டால் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் விலை போயிற்று. மழைக்காலத்தில் தலைச்சுமையாக எடுத்துச் சென்ற மூட்டைகளில் பாதி இரவு தங்கிவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1983-ஆம் ஆண்டு ஆவணியில், கடுங்காய்ச்சல் கண்ட தொழிலாளிப் பெண் ஒருத்தியைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மெட்டுக்கு வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவள் பிழைத்தாள். அடுத்த பருவத்துக்குள் வண்டி ஒன்று வாங்கியே தீருவது என்று வீட்டில் முடிவாயிற்று.

புது வண்டிக்கு வசதியில்லை. போடியில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு தேனி, கம்பம் என்று ஊர் ஊராகச் சென்றேன். அவர் இஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். முதலில் பார்த்த ஜீப் கண்ணுக்கு மாப்பிள்ளை போல இருந்தது. பச்சை வண்ணம் பளபளத்தது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு கம்பிகளும் ஒழுங்காக நின்றன. பெரியவர் அடியிலிருந்தபடியே கூப்பிட்டார்: "தம்பி, இங்கே குனிஞ்சு பாருங்க. மேலே கம்பி இருக்கு, கீழே தண்டு இல்லை." முன் அச்சுக்குச் செல்லும் தண்டையே கழற்றி விற்றிருந்தார்கள். அந்த வண்டி பெயரளவில் மட்டுமே நான்கு சக்கர வண்டி.

ஏன் அப்படிக் கழற்றுகிறார்கள் என்பதை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஜீப்பில் கியர்ப்பெட்டியை அடுத்து இன்னொரு பெட்டி உண்டு. பட்டறைக்காரர்கள் டிரான்ஸ்பர் கேஸ் என்பர். ஒரு சிறு கம்பி முன் அச்சை இணைக்கும். மற்றொன்று வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கி இழுவையை இரட்டிக்கும். வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் செல்லும் வட்டம் பெரிது, பின் சக்கரங்கள் செல்லும் வட்டம் சிறிது. இந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய இரு அச்சுகளுக்கும் நடுவே ஜீப்பில் ஏற்பாடு கிடையாது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்து கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறும், டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும். சமவெளியில் ஓட்டியவர்களுக்கு முன் அச்சால் இலாபம் ஒன்றுமில்லை; பெட்ரோல்தான் வீண் என்று கருதிக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமே. மலையில் ஏறுகிறவனுக்கோ அந்தத் தண்டுதான் வண்டி.

இரண்டாவது வண்டியின் சட்டத்தில் விரிசலை ஒட்டவைத்து மேலே வண்ணம் தடவியிருந்தது. மூன்றாவதில், ஏற்றத்தில் சுமை வந்தவுடன் சிறு கம்பி தானாகவே நழுவி விழுந்தது. நான்காவது, 1966-ல் பதிவான, உயர்ந்த முன்மூடி கொண்ட பெட்ரோல் ஜீப். அழுக்கு மூட்டையாக இருந்தது. இடப்புறம் ஸ்டியரிங், எதிரே வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல வலப்புறம் ஒருவர் உட்கார வேண்டும். முன் அச்சின் இரு முனையிலும் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியவர் முகம் மலர்ந்தது. "ஒழுகுதுன்னா உள்ளே எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். இதைத்தான் பார்க்கணும்" என்றார்.

கொட்டகுடி ஆற்று மணலுக்கு ஓட்டிச் சென்றோம். பின் சக்கரங்களை மட்டும் கொண்டு ஓட்டியபோது, பத்தடியில் மணலைத் தோண்டிக்கொண்டு அமர்ந்துவிட்டது. பெரியவர் இறங்கவில்லை; அவசரப்படவுமில்லை. முன் அச்சை இணைத்து, வேகத்தைக் குறைக்கும் கம்பியையும் இழுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி ஓடிவரவில்லை, யானை எழுந்து நடப்பது போல நிதானமாக நடந்து மேலே வந்தது. பேரம் பேசி 22,000 ரூபாய்க்கு முடித்தோம்.

சொந்தமாக்கிக் கொண்ட பிறகு கற்றது வேறு பாடம். ஜீப்பை வாங்குவதோடு செலவு முடிவதில்லை, தொடங்குகிறது. முதல் ஆண்டில் நான்கு ஆயில் சீல், வில்பட்டை ஒன்று, ஸ்டியரிங் பக்கத்து புஷ்கள், ரேடியேட்டர். ஆனால் எதையும் தோட்டத்திலேயே கழற்றிப் பூட்டலாம். போர்க்களத்தில் சிப்பாய் சில சாவிகளைக் கொண்டு பழுது பார்க்க வேண்டும் என்று எண்ணிச் செய்த வண்டியின் பேரன் அல்லவா! மழைக்காலம் முழுவதும் ஏலக்காய் அன்றன்றே ஸ்டோருக்குப் போயிற்று. மூன்று முறை நோயாளிகளை ஏற்றி இறக்கினோம். ஒவ்வொரு முறையும் மெட்டுக்கு வர நாற்பது நிமிஷம்.

அந்த உயர்ந்த முன்மூடி கொண்ட மாதிரியை அமெரிக்கர் 1968-லேயே நிறுத்திவிட்டனர். இந்தியாவில் அதே சாயலுள்ள வண்டிகள், பெட்ரோல் இஞ்சின் போய் டீசல் இஞ்சின் வந்த பிறகும், 2010 வரை உற்பத்தியாயின. போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஏலமலைக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிச் செல்லும் காட்சி இன்றும் மாறவில்லை. அளவுக்கு மீறி ஏற்றுவதால் விபத்துகளும் நேர்கின்றன.

1997-ல் தோட்டத்தை விற்றபோது வண்டியையும் விற்றேன். வாங்க வந்த இளைஞர் டீசல் இஞ்சின் வைக்கப் போவதாகச் சொன்னார். விலை பேசுமுன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் குனிந்து, முன் அச்சுக்குத் தண்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, எண்ணெயும் ஒழுகிக்கொண்டிருந்தது.